கத்தியும் நான்கு ஆம்ப்ளிஃபையர்களும்: ஜானி மாரின் கிட்டாரைக் கேட்பது எப்படி?

1983ஆம் ஆண்டு, இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த மான்செஸ்டர் இளைஞர் ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் விசித்திரமான ஒரு காரியத்தைச் செய்தார். ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் மேல் தமது எலெக்ட்ரிக் கிட்டாரை மல்லாக்கக் கிடத்தி, விரலே வைக்காமல் தட்டினாலும் ஆறு தந்திகளும் இசைவாக ஒலிக்கும்படி அவற்றைச் சுருதி சேர்த்துவிட்டு, உலோகக் கைப்பிடி போட்ட ஒரு கத்தியை அந்தத் தந்திகளின் மேல் விழவிட்டார். கத்தி எந்தத் தந்தியில் பட்டதோ அந்தத் தந்தி மணியடித்ததுபோல் ஒலித்தது. அந்த ஓசை 'திஸ் சார்மிங் மேன்' என்ற பாடலுக்குள் போய்ச் சேர்ந்தது. அதே பாடலில் ஏறத்தாழ பதினைந்து கிட்டார்ப் பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அவரே பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். ஆனால் பாடலைக் கேட்பவருக்குப் பதினைந்து கிட்டார்கள் கேட்பதில்லை. துள்ளி ஓடும் ஒரே ஒரு கிட்டார் வாசிப்பதுபோல்தான் தோன்றும்.

அந்த இளைஞரின் பெயர் ஜானி மார். ஆல்டர்னேடிவ் ராக் என்ற இசைவகையில் கிட்டார் கலைஞரின் வேலை என்ன என்பதைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு விளக்க வேண்டுமானால், அவருடைய வாழ்க்கையைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பாட்டை நிறுத்திவிட்டுத் தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்குவதல்ல, பாட்டு நிற்பதற்கான தரையையும் சுவரையும் கூரையையும் கிட்டாராலேயே கட்டித் தருவதுதான் தம் வேலை என்று அவர் நினைத்தார். அவர் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை, ஒரு குழுவை விட்டு இன்னொரு குழுவுக்கு அவர் போய்க்கொண்டே இருந்தது உட்பட, இந்த ஒரு நினைப்பிலிருந்து பிறந்தவைதான்.

முதலில் 'ஆல்டர்னேடிவ்' என்ற அந்தப் பெயரைப் பார்த்துவிடலாம். 1970களின் நடுப்பகுதியில் ராக் இசை என்பது பெரிய நிறுவனங்களின் பணத்தில், பெரிய அரங்குகளில், நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனங்களோடு நடக்கும் ஆடம்பரமான விவகாரமாகிவிட்டிருந்தது. 1976இல் பிரிட்டனில் வெடித்த பங்க் இசை அந்த ஆடம்பரத்தைத் தூக்கி எறிந்தது. மூன்று கார்டுகள், அதாவது மூன்று சுரக் கொத்துகள், தெரிந்தால் போதும், குழு தொடங்கலாம் என்றது. அதைவிட முக்கியமாக, பெரிய நிறுவனத்தின் தயவில்லாமலே இசைத்தட்டு வெளியிட முடியும் என்று காட்டியது. மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. லண்டனில் 1976இல் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய ரஃப் டிரேட், 1978இல் தானே இசைத்தட்டு வெளியிடும் நிறுவனமாகவும் ஆனது. இப்படிச் சிறு நிறுவனங்களின் வழியாக வந்த இசையைத்தான் பிரிட்டனில் 'இண்டி' என்றார்கள். பிறகு உலகம் முழுவதும் 'ஆல்டர்னேடிவ்' என்ற பெயர் நிலைத்தது. ஆகவே தொடக்கத்தில் இந்தச் சொல் குறித்தது எந்த ஓசையையும் அல்ல, பெரு வழக்குக்கு வெளியே நடக்கும் ஒரு வியாபார வழியையும் அதனோடு வந்த மனப்போக்கையும்தான். பெயரை வைத்துக்கொண்டு ஒரே மாதிரியான ஓசையைத் தேடுபவர்கள் குழம்பிப்போவதற்குக் காரணம் இதுவே.

ஜானி 1963 அக்டோபர் 31 அன்று மான்செஸ்டரின் ஆர்ட்விக் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் ஜான் மார்ட்டின் மாஹர். பெற்றோர் அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்திலுள்ள அதாய் (Athy) என்ற ஊரிலிருந்து பிழைப்புக்காக இங்கிலாந்து வந்த இளம் தம்பதியர். மான்செஸ்டரின் தொழிலாளர் குடும்பங்களில் அப்படி வந்தவர்கள் ஏராளம். வீட்டில் எப்போதும் பாட்டு ஒலிக்கும், உறவினர் கூடினால் யாராவது ஒருவர் வாத்தியத்தை எடுப்பார். சிறுவயதில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மரக் கிட்டார் பொம்மையை அவர் ஏக்கத்தோடு பார்த்துப் பார்த்து, கடைசியில் அதை வாங்கித் தந்தார்கள். கைக்கு வந்ததும் அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, பியர் பாட்டில் மூடிகளை அதன்மேல் ஒட்டினார். எலெக்ட்ரிக் கிட்டாரில் இருக்கும் ஒலி கூட்டிக் குறைக்கும் திருகுகள்போல் அவை தெரிய வேண்டும் என்பதற்காக. வாசிக்கத் தெரிவதற்கு முன்பே, கருவி எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு குடும்பம் நகரின் தெற்கிலுள்ள வித்தன்ஷா குடியிருப்புக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் ஆண்டி ரூர்க் என்ற நண்பர் கிடைத்தார். பிற்காலத்தில் ஜானியின் குழுவில், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரை வாசித்தவர் இவர்தான். இருவரும் சேர்ந்து பதின்ம வயதிலேயே சில குழுக்களை அமைத்துக் கலைத்தார்கள். பஸ்காக்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பெயரும் ஜான் மாஹர்தான் என்பதாலும், பலர் தம் பெயரைத் தவறாக உச்சரித்ததாலும், ஜானி தம் பெயரின் எழுத்துகளை மாற்றி 'மார்' என்று வைத்துக்கொண்டார்.

அவருடைய காது எங்கிருந்தெல்லாம் எடுத்துக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் வழியாக மினுமினுப்பான பாப் இசை. அயர்லாந்தின் ரோரி கல்லாகர் வழியாக ப்ளூஸ். பெர்ட் ஜான்ஷ் வழியாக, விரல்நுனியால் தந்திகளைத் தனித்தனியே மீட்டும் பிரிட்டிஷ் நாட்டுப்புறப் பாணி. இவற்றோடு, அந்தக் காலத்து ராக் ரசிகர்கள் ஏளனம் செய்த டிஸ்கோ இசையிலிருந்து, ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ். தாளத்தைக் கிட்டாரில் வெட்டி வெட்டி வாசிக்கும் ராட்ஜர்ஸ்மீது அவருக்கு இருந்த பற்று, பிற்பாடு தம் மகனுக்கு நைல் என்று பெயர் வைக்கும் அளவுக்குப் போனது. பங்க் பிள்ளைகள் டிஸ்கோவை வெறுத்த ஊரில் ஒருவர் இரண்டையும் விரும்பினார் என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பின்னாளில் அவர் அமைத்த தி ஸ்மித்ஸ் குழுவின் பாடல்களில் சோகமான வரிகளுக்கு அடியில் கால்கள் தாமாகத் தாளம் போடுவது இதனால்தான் என்பது என் கணிப்பு.

1982இல், பதினெட்டு வயதில், துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு கவிஞரைத் தேடிப் போனார். ஸ்ட்ரெட்ஃபர்டு பகுதியில் ஸ்டீவன் மொரிஸி என்பவர் அதிகம் வெளியே வராமல், படிப்பதும் எழுதுவதுமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அமெரிக்கப் பாடலாசிரியர் ஜோடியான லீபரும் ஸ்டோலரும் இப்படித்தான் சந்தித்தார்கள் என்பதைத் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் பார்த்ததே அந்தத் துணிச்சலுக்குக் காரணம். ஒருவர் மெட்டும் இசையும், மற்றவர் வரிகளும் பாட்டும் என்று அன்றே பிரித்துக்கொண்டார்கள். மைக் ஜாய்ஸ் டிரம்ஸுக்கும், சற்றுப் பின்னர் பழைய நண்பர் ரூர்க் பேஸுக்கும் வந்து சேர, தி ஸ்மித்ஸ் குழு உருவானது. ஜானியும் ரூர்க்கும் ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போய், ரஃப் டிரேட் நிறுவனர் ஜெஃப் டிராவிஸின் கையில் நேராகத் திணித்தார்கள். 1983 மே மாதம் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

இனி கிட்டார் பாடத்துக்கு வரலாம். சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்தால் அது கார்ட். இடது கை விரல்கள் கழுத்துப் பலகையில் தந்திகளை அழுத்திப் பிடிக்க, வலது கை ஆறு தந்திகளையும் ஒரே வீச்சில் வருடும். இதை ஸ்ட்ரம்மிங் என்பார்கள். எந்தப் பாடலுக்கும் துணை வாசிக்க இது போதும். அதே கார்டைப் பிடித்துக்கொண்டு, தந்திகளை ஒரே வீச்சில் வருடாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தால், கொத்தாக ஒலிக்க வேண்டிய சுரங்கள் மணிமணியாக உதிரும். இதன் பெயர் ஆர்பெஜியோ. இந்த உதிரலுக்குள் எந்தச் சுரத்தை எப்போது விழச் செய்வது என்று யோசிக்கத் தொடங்கினால், துணை வாசிப்புக்கு உள்ளேயே ஒரு மெட்டு பிறந்துவிடும். ஜானியின் கலை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பாடகர் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போதே கிட்டார் வேறொரு மெட்டைப் பின்னிக்கொண்டு போகும். அதே கிட்டார் கார்டையும் தாளத்தையும் கூட விட்டுவிடாது. இடையில் நிறுத்தித் தனியாக வாசித்துக் காட்ட வேண்டிய தேவையே எழாது, ஏனென்றால் அவர் பாட்டு நெடுகிலும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இதற்கு அவருக்கு உதவிய ஒரு சின்னக் கருவி கேப்போ. கிட்டாரின் கழுத்தில் மாட்டும் கவ்விதான் அது. எந்தக் கட்டத்தில் மாட்டுகிறோமோ அங்கிருந்து தந்திகளின் நீளம் குறைந்து, மொத்தச் சுருதியும் ஏறிவிடும். சுருதி ஏறினாலும், விரல் அழுத்தாத திறந்த தந்திகளின் கணீர் ஓசை கைவிட்டுப் போகாது. ஸ்மித்ஸ் காலத்தில் அவர் தந்திகளையே வழக்கத்தைவிட ஒரு முழுச் சுர அளவு மேலே ஏற்றிக் கட்டுவதும் உண்டு. ரிக்கன்பேக்கர் 330 என்ற, பாதி உள்ளீடற்ற உடல் கொண்ட கிட்டாரின் பளிச்சென்ற ஓசையும் சேர்ந்தபோது, ஆங்கிலத்தில் 'ஜாங்கிள்' என்று சொல்லப்படும் கிண்கிணி ஒலி பிறந்தது. 1960களில் அமெரிக்காவின் பேர்ட்ஸ் குழு வாசித்த அதே வகைக் கிட்டார் ஒலிதான் இது. ஆனால் மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர்கள் விற்பனைப் பட்டியலை ஆண்டுகொண்டிருந்த 1983இன் பிரிட்டனில், அந்த ஒலியோடு ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றியது பழமையாகத் தெரியவில்லை, கலகமாகத் தெரிந்தது. 'திஸ் சார்மிங் மேன்' அப்போது பிரிட்டிஷ் பட்டியலில் 25ஆம் இடம் வரை போனது.

கிண்கிணி ஒலி ஒன்றுதான் அவருக்குத் தெரியும் என்று முடிவு கட்டுபவர்கள் 'ஹவ் சூன் இஸ் நவ்' பாடலைக் கேட்க வேண்டும். 1984இல் பதிவான அந்தப் பாடல் தொடங்கியதும், ஒரு பெரிய விசிறி இருட்டில் சுற்றுவதுபோல் கிட்டார் ஒலி துடித்துத் துடித்து வரும். சில ஆம்ப்ளிஃபையர்களில் ட்ரெமலோ என்று ஒரு வசதி உண்டு. ஒலியின் அளவைச் சீரான இடைவெளியில் கூட்டியும் குறைத்தும் அது துடிக்க வைக்கும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர்களில் (சுருக்கமாக ஆம்ப்) அதற்கு 'வைப்ரேட்டோ' என்று பெயர் போட்டிருப்பார்கள், குழப்பமான பெயர்தான். ஜானியும் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் முதலில் கிட்டாரை எந்த ஒப்பனையும் இல்லாமல் பதிவு செய்தார்கள். பிறகு அந்தப் பதிவை நான்கு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்கள் வழியாக ஒலிக்க விட்டு, ஆளுக்கு இரண்டு ஆம்ப் என்று பிரித்துக்கொண்டு, துடிப்பின் வேகம் பாடலின் தாளத்தோடு ஒட்டும்படி திருகுகளைக் கையால் சரிசெய்துகொண்டே மறுபடி பதிவு செய்தார்கள். கணினி வைத்துத் தாளத்தைப் பூட்டும் வசதி அங்கே இல்லை. நான்கு ஆம்ப்களும் சில நொடிகள் ஒத்துப்போகும், பிறகு ஒன்று விலகும். உடனே டேப்பை நிறுத்தி, பின்னால் சுற்றி, திருகைச் சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். இப்படித் துண்டு துண்டாக ஒட்டிய பாடல் அது. நிறுவனமோ அதை முதலில் வேறொரு பாடலின் பின்பக்கத்தில் போட்டது. 1985 ஜனவரியில்தான் அது தனி இசைத்தட்டாக வந்தது.

கருவி மாறினால் பாட்டும் மாறும் என்பதற்கு அவர் வாழ்விலேயே ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவில் ஸ்மித்ஸ் இசையை வெளியிட்ட சையர் நிறுவனத்தின் தலைவர் சீமோர் ஸ்டைன், 1984இன் தொடக்கத்தில் நியூயார்க்கில் அவருக்கு ஒரு சிவப்பு கிப்ஸன் இஎஸ்-355 கிட்டாரை வாங்கிக் கொடுத்தார். அதை விடுதி அறைக்கு எடுத்துப் போன கையோடு, 'ஹெவன் நோஸ் ஐயம் மிசரபிள் நவ்' பாடலின் இசை அவர் விரல்களில் வந்துவிட்டது. ஸ்மித்ஸ் பாடல்களில் பிரிட்டனின் முதல் பத்து இடங்களுக்குள் முதன்முதலில் நுழைந்தது அதுதான்.

ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளில் அந்தக் குழு எழுபது பாடல்கள் அளவுக்குப் பதிவு செய்தது. 1984, 1985, 1986, 1987 என்று ஆண்டுக்கு ஒன்றாக நான்கு ஸ்டுடியோ ஆல்பங்கள் வந்தன. 1985இல் வந்தது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, மற்ற மூன்றும் இரண்டாமிடம். 1986இன் 'தி குவீன் இஸ் டெட்' ஆல்பத்தில், 'தேர் இஸ் அ லைட் தட் நெவர் கோஸ் அவுட்' பாடலின் பின்னணியில் வயலின் கூட்டம் ஒன்று மிதந்து வரும். உண்மையில் அங்கே ஒரு வயலின்கூட இல்லை. எமுலேட்டர் என்ற கீபோர்டில் ஜானியே வாசித்தது. ஆல்பத்தின் அட்டையில் விளையாட்டாக ஒரு பொய் இசைக்குழுவின் பெயரைப் போட்டுவைத்தார்கள். அவரைக் கிட்டார் கலைஞர் என்று மட்டும் அழைப்பது அவர் வேலையில் பாதியைத்தான் சொல்லும். ஒரு பாடலின் ஒலி முழுவதையும் முன்கூட்டியே மனத்தில் கேட்டுவிட்டு, கையில் கிடைத்த கருவிகளால் அதை நிரப்புபவர் அவர்.

அந்தச் சுமைதான் அவரை உடைத்தது. முதல் மேலாளர் ஜோ மாஸ் 1983இன் இறுதியில் விலகிய பிறகு குழுவுக்கு நிலையான மேலாளர் அமையவேயில்லை. இசையமைப்பதோடு, வண்டி ஏற்பாட்டிலிருந்து பணப் பேச்சு வரை இருபது சொச்சம் வயதில் ஜானியின் தலையில் விழுந்தன. உடம்பு தேய்ந்தது, குடி கூடியது. 1987இல் குழு கடைசியாகக் கூடிப் பதிவு செய்தபோது, சில்லா பிளாக்கின் 1960களின் பழைய பாடல் ஒன்றைப் பாட மொரிஸி விரும்பினார். அதற்காகவா குழு அமைத்தேன் என்று தமக்குக் கசந்துபோனதை ஜானி பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இசை வார இதழ் பிரிவுச் செய்தியை வெளியிட்டது. ஜானி விலகிவிட்டது உறுதியானது. அப்போது வயது 23. நான்காவது ஆல்பம் கடைக்கு வந்தபோது குழுவே இல்லை. ரசிகர்களில் ஒரு சாரார் இதை இன்றுவரை துரோகம் என்கிறார்கள். ஒரு குழுவின் ஓசை முழுவதையும் ஒருவரே சுமக்கும்போது, அவர் தளர்ந்ததும் குழுவும் நின்றுபோவதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பணத்தகராறும் வந்தது. ஓர் இசைத்தட்டிலிருந்து இரு வகை வருமானம் உண்டு: பாடலை எழுதியவருக்கு உரிய பங்கு ஒன்று, பதிவில் வாசித்தவர்களுக்கு உரிய பங்கு மற்றொன்று. முதலாவது மொரிஸிக்கும் ஜானிக்கும் உரியது என்பதில் சண்டையில்லை. இரண்டாவதில் அவ்விருவருக்கும் தலா 40 சதவீதம், மற்ற இருவருக்கும் தலா 10 சதவீதம் என்று பிரித்து வந்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ரூர்க் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார். ஜாய்ஸ் வழக்காடினார். 1996 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம், வேறு ஒப்பந்தம் நிரூபிக்கப்படாத நிலையில் நால்வரும் சமப் பங்காளிகளே என்று கொண்டு, அவருக்கு 25 சதவீதம் உண்டு என்று தீர்ப்பளித்தது. குழு தொடங்கும் இளைஞர்கள் கேப்போ வாங்குவதற்கு முன்பு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்குவது நல்லது.

பிறகு அவர் வாசித்த குழுக்களைச் சொன்னால் பட்டியலாகிவிடும். ஆனால் அவற்றுக்குள் ஒரு போக்கு இருக்கிறது. சிறிது காலம் ப்ரிடெண்டர்ஸ் குழுவில் வாசித்தார். மேட் ஜான்சனின் 'தி தி' (The The) என்ற குழுவில் சேர்ந்து இரண்டு ஆல்பங்களுக்குப் பங்களித்தார். நியூ ஆர்டர் குழுவின் பெர்னார்ட் சம்னரோடு எலெக்ட்ரானிக் என்ற குழுவைத் தொடங்கி, எந்தச் சிந்தசைசர்களுக்கு எதிராக ஸ்மித்ஸ் நின்றதாக ரசிகர்கள் நினைத்தார்களோ, அவற்றோடேயே மகிழ்ச்சியாக வாசித்தார். 2006இல் அமெரிக்காவின் மாடஸ்ட் மவுஸ் குழுவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு வெளியான அவர்களின் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தம்மைவிட வயதில் மிக இளையவர்களான யார்க்‌ஷயர் சகோதரர்களின் தி கிரிப்ஸ் குழுவிலும் சில ஆண்டுகள் ஓர் உறுப்பினராகவே இருந்தார், விருந்தினராக அல்ல. எந்த மேடையிலும் நடுவில் நிற்க அவர் அவசரப்படவில்லை. அவர் தேடியது தாம் உள்ளே புகுந்து வாசிக்கக்கூடிய பாட்டை.

தமிழ் வாசகர்களில் பலர் தெரியாமலே அவரைக் கேட்டிருப்பார்கள். 2010இல் வெளியான 'இன்செப்ஷன்' திரைப்படத்தில், ஹான்ஸ் ஸிம்மரின் பெரும் பித்தளை வாத்திய முழக்கத்துக்கு இடையே தனித்து ஒலிக்கும் கிட்டார் அவருடையது. அங்கும் அதிகம் வாசிக்கவில்லை; சில சுரங்கள், அவற்றுக்கிடையே நிறைய வெளி. அவருடைய விருப்பத்துக்கேற்ப வடிவமைத்த ஜாகுவார் கிட்டாரை ஃபெண்டர் நிறுவனம் 2012இல் அவர் பெயரிலேயே வெளியிட்டது. 2013இல் 'தி மெசெஞ்சர்' என்ற ஆல்பத்தில் தம் பெயரை மட்டும் போட்டு, தாமே பாடவும் செய்தார். அப்போது அவருக்கு வயது 49. குரல் சுமார்தான், பாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. தன்வரலாறு 2016இல் வந்தது. பள்ளித் தோழர் ரூர்க் 2022 செப்டம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவரோடு மேடையேறினார். அடுத்த ஆண்டு மே மாதம் புற்றுநோயால் காலமானார்.

கேட்கத் தொடங்குபவர் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு 'திஸ் சார்மிங் மேன்' பாடலைப் போட்டு, முதல் முறை பாடகரைப் பின்தொடரட்டும். இரண்டாவது முறை வரிகளை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் முணுமுணுத்துப் பார்க்கட்டும். அதுவே ஒரு முழுப் பாட்டாக இருப்பது தெரியும். மூன்றாவது முறை ரூர்க்கின் பேஸ் கிட்டாரைத் தேடினால், கீழே அவரும் தம் பங்குக்கு ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருப்பார். கத்தி விழும் ஓசை எங்கே இருக்கிறது என்று நான் பலமுறை தேடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு ஓர் இடத்தில் கேட்டதாகத் தோன்றுகிறது.